கழற்றுவதும் பூட்டுவதும்

2024 ஜூலை மாதக் கடைசி வாரத்தில் எங்கள் தையல் வகுப்பில் தையலை விடத் துப்பாக்கிப் பேச்சுத்தான் அதிகமாக நடந்தது. பரிஸ் ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மனு பாக்கர் என்ற 22 வயது இந்தியப் பெண் ஜூலை 28ஆம் திகதி 10 மீட்டர் பிஸ்டல் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங் என்பவருடன் சேர்ந்து கலப்பு அணிப் போட்டியில் இன்னொரு வெண்கலம். லயத்து வீடுகளில் இந்திய அலைவரிசைகள்தான் எந்நேரமும் ஓடும் என்பதால் எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

கேகாலை மாவட்டத்திலுள்ள ஒரு இறப்பர் தோட்டத்தில், பழைய பிள்ளைக்காம்பராக் கட்டடத்தில் எங்கள் வகுப்பு நடக்கிறது. பால் வெட்டு முடிந்து, குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு இரண்டு மணிக்குப் பெண்கள் வருவார்கள்.

"ஒரு பொம்பளப் புள்ள துப்பாக்கியப் புடிச்சிக்கிட்டு நிக்குது, அதுக்கு மெடல் குடுக்கிறாங்களே மிஸ்!" என்று ஒருவர் சிரித்தார்.

இன்னொரு அக்கா சிரிக்கவில்லை. "நம்ம பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டா காட்டுப்பன்னி விழுந்திருக்கணும், இல்லாட்டி மனுசன் விழுந்திருக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காட்டுப்பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் அவருடைய கணவரின் ஒரு கால் போய்விட்டது. விறகுக்குப் போன மனிதர். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களையும் கிராமங்களையும் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கதையில்லை.

பேச்சை இலேசாக்க நினைத்து மனு பாக்கரின் முந்திய கதையைச் சொன்னேன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் அவர் போயிருந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே பிஸ்டலில் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் ஏறத்தாழ 20 நிமிடம் கடந்துவிட்டது. நேரத்துடன் ஓடிச் சுட்டும் இரண்டு புள்ளி குறைந்துபோனதால், இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகாமல் 12ஆம் இடத்துடன் வீடு திரும்பினார்.

"அந்த நேரம் கெதியாக் கழற்றிப் பூட்டத் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்தில நிண்டிருந்தாக் காணும்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு தங்கையின் குரல் அது. சொன்னவுடன் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதியதை அச்சுக்கு அனுப்பு முன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். மற்றவை இருக்கலாம் என்றார்.

அவருடைய தாய் தகப்பன் இரத்தினபுரி மாவட்டத்தில் றக்வானைப் பக்கத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1981 ஓகஸ்ட் மாதத்தில் அந்தப் பக்கத் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டபோது கையில் அகப்பட்டதுடன் வவுனியாவுக்குப் போனார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகும் இப்படிப் பல குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. அங்கே போனால் பாதுகாப்பு என்றுதான் போனார்கள். அதன்பின் நடந்தவற்றை இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தங்கை வன்னியில் பிறந்தவர். 2009இல் போர் முடிந்தபோது அவருக்கு 16 வயது. சில வருடங்கள் கழித்துக் கேகாலையில் இருக்கும் சின்னம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

16 வயதில் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு தடவை வகுப்புக்குச் சாமான் வாங்க இருவரும் கேகாலையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனோம். வரக்காபொலவுக்குச் சற்று முன்னால் அம்பேபுஸ்ஸ என்ற இடம் வரும். நெடுந்தூர பஸ்கள் தேத்தண்ணிக்கு நிற்கும் அந்த இடத்தில் அவர் இறங்கவில்லை. ஜன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டார். அம்பேபுஸ்ஸவில்தான் போரின் கடைசி ஆண்டுகளில் சரணடைந்த சிறுவர் சிறுமியரை வைத்திருந்த புனர்வாழ்வு முகாம் இருந்தது. போர் முடிந்தபோது அப்படி 594 பிள்ளைகள் கணக்கில் இருந்தார்கள். பலர் பின்னர் படிப்புக்காக இரத்மலானைக்கு மாற்றப்பட்டு, 2010இல் உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் இவரும் ஒருவரா என்பது எனக்குத் தெரியாது. ஜன்னல் சீலையை மூட ஒருவருக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம்.

இனி மெசின் விசயத்துக்கு வருகிறேன்.

சிங்கர் கம்பனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. இன்றும் வாழ்வாதார உதவி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது தையல் மெசின்தான். கணவரை இழந்தவர், காணாமற்போனவரின் மனைவி, இடம்பெயர்ந்தவர், குடும்பத் தலைமை ஏற்ற பெண் என்று யாராக இருந்தாலும் ஒரு மெசின். கையளிக்கும் நாளில் மாலை, படம், பேச்சு எல்லாம் நடக்கும். மூன்று வருடம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் மெசின் மேல் பாய் மடித்து வைத்திருக்கும், அல்லது சாமிப் படம் இருக்கும். நான் போகும் தோட்டங்களில் கொடுக்கப்பட்ட மெசின்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடந்தன. சப்ரகமுவவில் பெய்யும் மழைக்கு இரும்பு சும்மா இருக்காது. ஒயில் வாங்கக் காசில்லாமல் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள். அது சில மாதத்தில் பிசினாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். டவுனிலிருந்து மெசின் பாஸ் வருவதென்றால் பஸ் காசுடன் அவருக்குக் கொடுப்பது இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல் போய்விடும்.

ஏன் நீங்களே திறந்து துப்புரவாக்கவில்லை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "தொறக்க வேணான்னு சொன்னாங்க மிஸ்." மெசினைக் கொடுத்த ஒரு நிறுவனம் பயிற்சியின்போதே அப்படிச் சொல்லியிருக்கிறது. சட்டை வெட்டவும் ரவிக்கை தைக்கவும் ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தவர்கள், அரை மணித்தியாலம் ஒதுக்கி மெசினின் வயிற்றைத் திறந்து காட்டவில்லை. பெண்கள் தைக்கலாம், இரும்பை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய கணக்குத்தான் இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கணக்குச் சரியில்லை என்பதை நான் கண்ணால் கண்டது ஒரு தையல் கூடத்தில் அல்ல, கொழும்பில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில்.

என்னுடன் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த சிங்களத் தோழி ஒருத்தி அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்துக்குப் போய்ப் பிஸ்டல் சுடுவது அவளுடைய விளையாட்டு. அவளுடைய மாமா ஒருவர் 1989இல் இரவில் எடுத்துச் செல்லப்பட்டு, வராமலே போனவர். ஆகவே துப்பாக்கி என்றால் என்னவென்று தெரியாத குடும்பமில்லை. "இதைப் பழகின பிறகுதான் எனக்கு அந்தச் சத்தத்தின் பயம் போனது" என்று ஒரு தடவை சொன்னாள். அவளுக்கு அது சரிவந்தது. எல்லோருக்கும் சரிவரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று அவள் சுட்டு முடித்து, மேசையில் ஒரு பழைய துவாயை விரித்து, பிஸ்டலைத் துப்புரவாக்கத் தொடங்கினாள். சிறு ரவை போடும் 0.22 வகை. மனு பாக்கர் பதக்கம் வென்றது காற்றழுத்தப் பிஸ்டலில். இது வெடிமருந்து உள்ளது, 25 மீட்டர் போட்டிக்கு உரியது. அந்தப் போட்டியைப் பெண்களுக்கென்று ஒலிம்பிக்கில் சேர்த்தது 1984இல்தான். முதல் தங்கத்தை வென்ற கனடா நாட்டு லிண்டா தொம், சமையற்கலையைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தாய். நம் நாட்டுப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1994இல் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் காற்றழுத்தத் துப்பாக்கியில் தங்கம் வென்றார்கள்.

முதலில் ரவைக்கூட்டை வெளியே எடுத்தாள். பிறகு குழலுக்குள் ரவை இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தாள். கழற்றினாள். நீண்ட தூரிகையைக் குழலுக்குள் விட்டு இழுத்தபோது கரியும் ஈயப் பிசுக்கும் வந்தன. சீலைத் துண்டால் துடைத்து, இரண்டு துளி ஒயில் விட்டு, மிஞ்சியதையும் துடைத்தாள். இவ்வளவும் செய்துகொண்டே மகனின் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பூட்டத் தொடங்கியதும் பேச்சு நின்றது.

அது ரூகர் என்ற அமெரிக்கக் கம்பனியின் பிஸ்டல். 1949இல் முதலில் வெளிவந்த அந்த வகை, கழற்ற எளிதும் பூட்டக் கடினமும் என்று உலகமெங்கும் பேர் வாங்கியதாம். உள்ளே தொங்குகிற ஒரு சிறு கம்பி, சுருள்வில்லின் தலையிலுள்ள குழியில் சரியாகப் போய் உட்கார வேண்டும். கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பிஸ்டலைச் சரித்து, நிமிர்த்தி, கம்பி தானாகத் தொங்கும் பக்கத்தைப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். கம்பி இடம் மாறினால் வெளியே எல்லாம் அழகாகப் பூட்டியதுபோல் இருக்கும். இழுத்தால் பாதியில் நின்றுவிடும். 2016இல் அந்தக் கம்பனியே இந்தத் தொல்லையை ஒத்துக்கொண்டதுபோல், ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்று வரும் புதிய வகையை விற்பனைக்கு விட்டது. தோழியிடம் இருந்தது பழையது. மூன்றாம் தடவையில் உட்கார்ந்தது. வெற்றுப் பிஸ்டலை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு அவள் செய்தது எனக்கு மறக்கவில்லை. பளிச்சென்ற நிறத்தில் ஒரு மெல்லிய கயிற்றை எடுத்துக் குழலுக்குள் செருகி, அதன் நுனி வெளியே தெரிய வைத்தாள். உள்ளே ரவை இல்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரிய வேண்டுமாம். போட்டிகளில் இது கட்டாய விதி. அந்தக் கயிறு செருகியிருந்தால் பிஸ்டலின் பக்கத்தில் யாரும் பயமில்லாமல் நிற்கலாம்.

பரிஸ் பேச்சு நடந்து இரண்டு வாரம் கழித்து வகுப்பு மெசின் ஒன்று இறுகிக்கொண்டது. சில்லு அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பாஸுக்குப் போன் பண்ணினால் அடுத்த கிழமை வருகிறேன் என்றார். மூலையிலிருந்த தங்கை எழுந்து வந்து, "பார்க்கட்டோ மிஸ்?" என்று கேட்டார்.

முதலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். சில்லைத் திருப்ப முடிந்த அளவு திருப்பி ஊசியை மேலே கொண்டுவந்து, ஊசியையும் பாதத்தையும் கழற்றினார். இடது பக்கத் தகட்டை இழுத்துப் பொபின் கூட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் உள்ள சிறு பிடிகளை வெளியே தள்ளி வளையத்தைக் கழற்றி, அதன் பின்னாலிருக்கும் பிறைநிலா வடிவத் துண்டை வெளியே எடுத்தார். எடுத்த ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக வைத்தார். அந்தப் பிறைத் துண்டுக்குப் பின்னால் நூல் பந்துபோல் சுற்றியிருந்தது. ஊசி நுனியால் அதை இழுத்தெடுத்து, பல்லுக்கு இடையில் அடைந்திருந்த பஞ்சையும் எடுத்து, பழைய எண்ணெய்ப் பிசினை மண்ணெண்ணெய்ச் சீலையால் துடைத்து, மெசின் ஒயில் ஒரு துளி விட்டார்.

பூட்டும்போதுதான் நான் கவனித்துப் பார்த்தேன். மெசினுக்குள்ளேயும் ஒரு பிறை இருக்கிறது. அது இடது பக்கம் நின்றால், கையிலுள்ள பிறையை வலது பக்கமாக வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து முழு வட்டமாக வேண்டும். பிறகு வளையம், மினுக்கமான பக்கம் வெளியே தெரிய. பிடிகள் இரண்டும் மூடும் சத்தம் கேட்க வேண்டும். பொபின் கூட்டின் விரல் மேல்நோக்கி, அதற்குரிய வெட்டில் அமர வேண்டும். கடைசியில் காலை வைக்காமல், கையால் சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் மெசினைப் பார்த்துப் பூட்டவில்லை. கண் ஜன்னல் பக்கம் இருந்தது. விரல்கள்தான் வேலை செய்தன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பெண்கள் கை தட்டினார்கள். எனக்கும் கை தட்டத் தோன்றியது. ஆனால் அவருடைய முகம் மாறிவிட்டது. தெரியக்கூடாத எதையோ காட்டிவிட்டவர்போல் துணியை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாளே லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "மெசின இப்புடிக் கழட்டுற கை வேற என்னென்ன கழட்டியிருக்குமோ" என்று ஒரு அண்ணன் தண்ணிப் பீலியடியில் சொன்னாராம். அதே அண்ணன் முச்சக்கரவண்டி என்ஜினைக் கழற்றினால் அது கெட்டித்தனம். அந்தத் தங்கை வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு கிழமை வரவில்லை. சின்னம்மாவிடம் விசாரித்தேன். "விடுங்க மிஸ், ஏற்கெனவே விசாரிக்கிறேன்னு ஆளுங்க வந்து போன வீடு" என்றார். போர் முடிந்து எத்தனை வருடம் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். கொழும்பில் என் தோழி ஒரு கயிற்றைச் செருகிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறாள். இவர் எதை எடுத்து எங்கே செருகிக் காட்டுவது?

நான் போய்ப் பேசி அவர் வந்ததாக எழுதினால் அது பொய். அவரை வரவழைத்தது, கணவர் காலிழந்த அந்த அக்காதான். பள்ளிக்கூட யூனிபோம் தைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அவருடைய மெசின் நின்றுவிட்டது. மகனும் அவருமாக மெசின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, மேல் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சின்னம்மாவின் வாசலில் வைத்தார்கள். "நீ எங்க பழகினியோ அது எனக்கு வேணாம். திங்கக்கெழம ஏழு யூனிபோம் குடுக்கணும். எனக்குஞ் சொல்லிக் குடு" என்றாராம். துப்பாக்கியை அந்தத் தோட்டத்தில் அவரை விட வெறுப்பவர் யாரும் இல்லை.

அன்றிரவு எட்டு மணிவரை இருவரும் வாசலில் உட்கார்ந்து கழற்றிப் பூட்டினார்கள். தங்கை ஒரு தடவைதான் செய்து காட்டினாராம். பிறகு அக்காவை மூன்று தடவை செய்ய வைத்திருக்கிறார். பிறை தலைகீழாகப் போனபோதும் கை கொடுக்கவில்லை. "சில்லு நிக்குதல்லோ, ஏன் நிக்குதெண்டு பாருங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாராம்.

இப்போது அவர் மற்றத் தோட்டங்களுக்கும் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார். இதற்கு வளவாளர் கொடுப்பனவு எடுப்பதற்குள் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. படிவத்தில் "பயிற்சி பெற்ற நிறுவனம்" என்று ஒரு பத்தி இருந்தது. வெறுமையாக விட்டு அனுப்பினேன், திருப்பி அனுப்பினார்கள். என்ன எழுதலாம் என்று அவரையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஆறு வருசமா மெசினிலதானே இருக்கிறன், அதைப் போடுங்கோ" என்றார். தையல் இயந்திரத்தில் ஆறு வருட அனுபவம் என்று எழுதினோம். அது உண்மை. இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள்.

வாசிக்கும் சகோதரிகள் வீட்டிலும் நின்றுபோன மெசின் இருக்கலாம். திறக்க வேண்டாம் என்று யார் சொல்லியிருந்தாலும் திறவுங்கள். கழற்றும் வரிசையில் துணியில் வையுங்கள். கடைசியில் எடுத்ததுதான் முதலில் உள்ளே போகும். தேங்காயெண்ணெய் வேண்டாம். பூட்டியதும் காலை வைக்காமல் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சில்லு நின்றால் பலத்தைக் காட்டாமல் மறுபடி கழற்றுங்கள். அநேகமாகப் பிறைதான் பிழையாக இருக்கும்.

அடுத்த மாதம் நாங்கள் றக்வானைப் பக்கம் போகிறோம். அங்கே ஒரு தோட்டத்தில் நின்றுபோன மெசின்கள் பல கிடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. தங்கையிடம் சொன்னபோது, எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று கேட்டார். "அம்மா சொல்லுற லயம் இப்ப அங்க இருக்குதோ தெரியாது" என்றார். ஒயில் போத்தல் ஆறு வாங்கி வரும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார். சின்னப் போத்தல் போதாதாம்.